ஒரு மயிரிழைப் பிழை

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

எங்கள் வீட்டில் சமையலறைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே ஒரு லேத் நிற்கிறது. கோவைப் பக்கத்தில் இது வியப்பன்று. பம்பும் மோட்டாரும் செய்யும் ஆலைகளுக்கு எத்தனையோ வீட்டுப் பட்டறைகள் கடைசல் வேலை செய்து கொடுக்கின்றன. ஜி.டி. நாயுடு பிறந்த மண் அல்லவா! எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தந்தையார், அந்த லேத்தைக் கொண்டுதான் என்னைக் கல்லூரி வரை அனுப்பியிருக்கிறார்.

சென்ற கோடை விடுமுறையில், அவர் கடைந்து கொடுத்த 40 ஷாப்டுகள் திரும்பி வந்தன. ஒரு முனைக்கு மறுமுனை மையம் பொருந்தவில்லையாம். குறை அவர் கையில் இல்லை. லேத்தின் தலைப்பக்கச் சென்டர் ஆடியது. அது ஆடினால், ஷாப்டின் ஒரு பாதியைக் கடைந்து, திருப்பி மாட்டி மறுபாதியைக் கடையும்போது, இரண்டும் ஒரே கோட்டில் அமையா. புதிய சென்டர் வாங்கி மாட்டினார். அது அமரும் குழிவே சற்று விலகியிருந்ததால் ஆட்டம் போகவில்லை. சென்டரை அது இருக்கும் இடத்திலேயே சுழலவிட்டுத் திருத்துவதுதான் வழி. ஆனால் அது கடினப்படுத்திய எஃகு. கடைசல் உளி அதில் ஏறாது. சாணைக்கல்தான் வேண்டும்.

“டூல் போஸ்டில் மாட்டுகிற மாதிரி ஒரு சாணை நானே செய்யறேனுங்கப்பா” என்றேன். இயற்பியல் படிக்கிறவன் என்ற பெருமிதம்!

முதலில் கணக்குப் போட்டேன். கையிலிருந்த கால் குதிரைத்திறன் மோட்டார் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றும். கல்லின் விட்டம் 75 மி.மீ. பட்டறையில் கிடந்த புல்லிகளை மாட்டினால் வேகம் நான்கு மடங்காகும். கல்லின் விளிம்பு நொடிக்கு 44 மீட்டர் ஓடும். கல்லின் மேல் அச்சிட்டிருந்த எல்லையோ 33 மீட்டர். மீறினால் கல் வெடித்துச் சிதறும். ஆகவே இரு மடங்கு போதுமென முடிவு செய்தேன், 22 மீட்டர். அப்பா தலையசைத்தார். கல்லை விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டிக் காட்டினார். சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்குவது போலத்தான்: கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் கீறல் உண்டு.

அடுத்தது ஹவுசிங். சதுர வார்ப்பிரும்புக் கட்டை ஒன்றின் இரு முனைகளிலும் 6202 எண் பேரிங் அமர வேண்டும். வெளிவிட்டம் 35 மி.மீ. அப்பா ஆலைக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில், ஒரு முனையில் துளையைக் கடைந்தேன்; கட்டையைத் திருப்பி மாட்டி மறுமுனையைக் கடைந்தேன். ஷாப்டோடு பேரிங்குகளை ஏற்றினால் இரண்டாவது பேரிங் இறங்க மறுத்தது. எமரித் தாளால் துளையைத் தேய்த்தேன். இறங்கியது. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் லேத்தின் படுகையை ஈரத்துணியால் மூடினோம். கல்தூள் விழுந்தால் படுகை தேய்ந்துவிடும். வைரமுனையால் கல்லைச் சமன் செய்து, மூடியும் மாட்டி, கடினப்படுத்திய ஒரு பழைய துண்டைத் தீட்டினேன். பளபளப்பு வந்தது, ஆனால் மேற்பரப்பு முழுதும் அலை அலையாகக் கோடுகள்.

அப்பா மோட்டாரை நிறுத்தினார். பெல்ட்டைக் கழற்றி, ஷாப்டை இரு விரலால் மெல்லச் சுழற்றினார், அசைத்துப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, இதைத் திருப்பி மாட்டியா கடைஞ்சே?”

“ஆமாங்கப்பா.”

“அப்புறம்?”

“இறங்கலீங்க. எமரி போட்டேன்.”

அவர் கோபிக்கவில்லை. டயல் கேஜை வைத்து அளந்தார். இரு துளைகளின் மையங்களுக்கும் 0.04 மி.மீ. விலகல், தலைமயிரின் பருமனில் ஏறத்தாழப் பாதி. மூலையில் கிடந்த 40 ஷாப்டுகளைப் பார்த்தேன். எந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டேனோ, அதே குறையை நான் செய்திருந்தேன்! லேத் அறியாமல் செய்தது. நானோ அறிந்து மறைத்தேன்.

புதுக்கட்டை ஒன்றை அப்பா லேத்தின் கேரேஜ் மீதே வைத்து, தகடுகள் கொடுத்து உயரம் சரிசெய்து இறுக்கினார். உளி பொருத்திய தடித்த கம்பியை இரு சென்டர்களுக்கும் இடையே மாட்டினார். கம்பி சுழல, கட்டை நகர்ந்தது. கட்டையைத் திருப்பாமலே, ஒரே ஓட்டத்தில் இரு முனையும் முடிந்தன. சென்டர் ஆடினாலும் உளி சுற்றும் அச்சு மாறாது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். பேரிங்குகள் கைவிரல் அழுத்தத்தில் அமர்ந்தன.

காம்பவுண்ட் ஸ்லைடை 30 பாகை திருப்பி, சென்டரின் 60 பாகை முனையை ஒவ்வொரு முறையும் 0.01 மி.மீ. அளவே தீட்டினோம். டயல் முள் அசைவது அரிதாயிற்று. அந்த 40 ஷாப்டுகள் பழைய இரும்புக் கடைக்குத்தான் போயின, நட்டம் நட்டம்தான். அடுத்துச் சென்றவை திரும்பி வரவில்லை.

நண்பர்களே, ஊசல் சோதனையில் விடை 9.8 என்பது நமக்கு முன்பே தெரியும். அளவீடு இணங்காதபோது, பதிவேட்டில் நாம் எழுதும் எண்களும் எமரித் தாள் அல்லவா? நானும் எழுதியவன்தான், பேராசிரியர்கள் பொறுத்தருள்க. அந்த முதல் கட்டை இப்போது என் மேசையில், பதிவேட்டின் மேல் பாரமாக இருக்கிறது.