பிஜி ஸ்டாட் ஐஓ இருக்கிறதா?

போஸ்ட்கிரெஸ் சர்வர் ஒன்றில் புதிய கண்காணிப்புப் புள்ளிவிவரங்கள் கிடைக்குமா என்று கேட்டால், பதிப்பு எண்ணைப் பார் என்பதே வழக்கமான பதில். அது தொடக்கம் மட்டுமே. ஒரு புள்ளிவிவரம் எந்த ஆண்டில், எந்த வழியாக உள்ளே வந்தது என்று தெரிந்தால்தான் அதை எங்கே தேடுவது என்றும் தெரியும்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கும் தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளலாம். இலை எடையும் ஈரத்துக்கான கழிவும் பதிவாகும் நேரத்தில் கணினி இழுத்தடித்தால், வட்டில் எழுதும் வேலையைச் செய்வது பதிவுத் திரையா, பின்னணியில் ஓடும் ஆட்டோவேக்குமா, செக்பாயிண்டரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே 2023 செப்டம்பரில் வெளியான 16ஆம் பதிப்பில் பிஜி ஸ்டாட் ஐஓ என்ற வியூ சேர்ந்தது. எழுதியவர் மெலனி பிளேகமன். இது காட்டும் 'படிப்பு' எல்லாம் வட்டு வரை போனவை அல்ல. இயங்குதளத்தின் நினைவகத்திலிருந்து வந்தவையும் அதில் அடங்கும்.

உபுண்டு 20.04 தன்னோடு கொண்டுவருவது போஸ்ட்கிரெஸ் 12, 22.04இல் 14, 24.04இல் 16. ஆக, 22.04 போட்டு அதிலேயே கிடைத்த பேக்கேஜை நிறுவிய கணினியில் இந்த வியூ கிடையாது. 14இன் சிறு பதிப்புகளை எத்தனை முறை புதுப்பித்தாலும் வராது. சிறு பதிப்புகளில் பிழைத்திருத்தங்கள் மட்டுமே சேரும். இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்றுண்டு. பிஎஸ்க்யூஎல் கட்டளையிடம் பதிப்பு கேட்டால் அது தன் பதிப்பைச் சொல்லும், சர்வருடையதை அல்ல. கேட்க வேண்டியது 'சர்வர் வெர்ஷன் நம்' என்ற அளவுருவை. 14.11 என்பதை அது 140011 என்று தரும், அப்படியே ஒப்பிடலாம்.

16இல் ஏன் வந்தது, ஏன் முன்பே வரவில்லை என்று பின்னோக்கிப் போனால் தடம் 2002 பிப்ரவரியில் வந்த 7.2 பதிப்பில் போய் நிற்கிறது. புள்ளிவிவரம் சேகரிக்கும் ஏற்பாட்டை அதில் எழுதியவர் யான் வீக். மொத்தத்தையும் ஒரே கோப்பில் அடைத்துவிட்டு, இது பெரிய, அழகில்லாத கோப்பு என்று அதன் தலைப்பிலேயே குறிப்பும் எழுதிவைத்தார். அவர் வகுத்த முறை இது: சேகரிப்புக்கென்று தனியாக ஒரு செயல்முறை ஓடும்; மற்ற செயல்முறைகள் தாம் செய்த வேலையை யுடிபி செய்திகளாக அதற்கு அனுப்பும்; அது கூட்டிச் சேர்த்துத் தற்காலிகக் கோப்பில் எழுதும். யுடிபியில் செய்தி போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை. வேலை நெருக்கும்போது, அதாவது எண்கள் மிகவும் தேவைப்படும் நேரத்தில், சில செய்திகள் உதிர்ந்துவிடும். அளப்பதற்காக எழுதும் கோப்பே வட்டுக்குச் சுமையாகி, அது இருக்கும் அடைவை நினைவகத்துக்கு மாற்றிவைத்த நிர்வாகிகளும் உண்டு. ஆனாலும் வினவல்களைக் காக்கவைக்காத முறை என்பதால் இருபது ஆண்டு தாக்குப்பிடித்தது. அதைக் குறை சொல்வது எளிது, அன்றைய கணினிகளை நினைத்தால் நியாயமல்ல.

2022இல் வந்த 15ஆம் பதிப்பில் அந்தச் செயல்முறை நீக்கப்பட்டது. கியோடாரோ ஹொரிகுச்சி பல ஆண்டுகள் முயன்று, ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் முடித்துவைத்த மாற்றத்தால் எண்கள் பகிர்வு நினைவகத்துக்கே வந்தன. அடுத்த ஆண்டு வந்த பிஜி ஸ்டாட் ஐஓ அந்த அடித்தளத்தின் மேல் எழுந்தது.

வினவல்வாரியாக எண்களைத் தரும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸின் கதை வேறு. 2009இல் 8.4 பதிப்புடன் தகாஹிரோ இடாகாகி தந்த இது சர்வரின் உள்ளுறுப்பு அல்ல, எக்ஸ்டென்ஷன். சர்வர் தொடங்கும்போதே இதன் நூலகத்தை ஏற்ற வேண்டும். டேட்டாபேஸில் தனியாக நிறுவவும் வேண்டும். இதற்கென்று தனிப் பதிப்பு எண் உண்டு. பிஜி அப்கிரேடு மூலம் சர்வரை உயர்த்தினாலும் எக்ஸ்டென்ஷன் பழைய பதிப்பிலேயே நிற்கும். 'ஆல்டர் எக்ஸ்டென்ஷன்' கட்டளையால் உயர்த்தினால்தான் புதிய பத்திகள் தெரியும். சர்வர் புதிது, வியூ பழையது என்ற விசித்திரம் இப்படித்தான் நேர்கிறது.

புதுமை என்றால் கூடுதல் மட்டும் என்றும் எண்ணக் கூடாது. 13இல் 'டோட்டல் டைம்' பத்தி 'டோட்டல் எக்ஸிக் டைம்' ஆனது. 17இல் செக்பாயிண்ட் எண்கள் பின்னணி எழுத்தர் வியூவை விட்டுத் தனி வியூவுக்குப் போயின. 18இல், மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் 'வால்' பதிவின் எழுத்து, ஒத்திசைவு எண்கள் பிஜி ஸ்டாட் ஐஓவுக்குள் வந்தன. ஆகவே கண்காணிப்பு நிரல் பதிப்பை ஊகிப்பதைவிட, வியூ இருக்கிறதா என்று 'டு ரெக்கிளாஸ்' செயற்கூற்றிடமும், பத்தி இருக்கிறதா என்று 'பிஜி அட்ரிப்யூட்' பட்டியலிடமும் கேட்பதே பாதுகாப்பு.

வியூ இருந்தும் நேரத்தைக் காட்டும் எண்கள் பூஜ்யமாகவே நின்றால் 'டிராக் ஐஓ டைமிங்' அமைப்பைப் பார்க்க வேண்டும். 2012இல் 9.2 பதிப்பில் வந்த அது இயல்பாக அணைந்தே இருக்கும். பிறர் இட்ட வினவல்களின் வாசகம் தெரியாவிட்டால் குறை உரிமையில். 10ஆம் பதிப்பு முதல் உள்ள 'பிஜி மானிட்டர்' பாத்திரத்தை அந்தப் பயனருக்குத் தந்தால் போதும்.

மலைப்பகுதியில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போய், சர்வர் திடீரென அணைந்தால், மீண்டு எழும்போது திரட்டிய எண்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எண்கள் எந்தத் தேதியிலிருந்து கூடியவை என்பதை 'ஸ்டாட்ஸ் ரீசெட்' பத்தி சொல்லும். ஆட்டோவேக்கும் எந்த அட்டவணையை எப்போது துப்புரவு செய்வது என்று முடிவெடுப்பதும் இந்த எண்களை வைத்தே. அதனால் அவை அழிந்தபின் டேட்டாபேஸ் முழுவதிலும் ஒருமுறை 'அனலைஸ்' ஓட்டிவிட வேண்டும்.