நாங்கள் கப்பலேறிய ஊர்

இலங்கையில் பதுளைப் பக்கத்து ஹாலிஎலையிலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்களின் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பழனி, மதுரை, வேளாங்கண்ணி, திருச்செந்தூர். நேரம் இருந்தால் இராமேஸ்வரம். கடைசியில் சென்னையில் சேலைக் கடை. திருச்செந்தூருக்குப் போகிற பலர் தூத்துக்குடி வழியாகவே போவார்கள். பஸ் மாறுவதோடு சரி, ஊருக்குள் போக மாட்டார்கள். அந்த ஊரின் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவர் எங்கள் வீட்டில் அம்மா மட்டும்தான்.

அம்மாவின் அப்பாயி தூத்துக்குடியில் கப்பலேறித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பூர்வீகம் திருச்சிப் பக்கம் ஒரு கிராமம். அதன் பெயர் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை. தூத்துக்குடி மட்டும் நாக்கில் தங்கிவிட்டது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் கட்டியது, கழுத்தில் தகரம் மாட்டிவிட்டது, படகில் ஏற்றி நடுக்கடலுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து கப்பலில் ஏற்றியது, கொழும்பில் இறங்கிய பிறகும் முகாமில் அடைத்து வைத்தது, பண்டாரவளை வரை கோச்சி, அதற்கப்புறம் நடை. அம்மாவுக்கு இந்தக் கதை மனப்பாடம். லயத்துக் காம்பராவில் மழை நாட்களில் அடுப்போரம் குந்தியபடி கேட்டது.

சின்ன வயதில் அதை நான் பாட்டிக் கதையாகத்தான் கேட்டேன். ஆசிரியர் வேலைக்கு வந்து புத்தகங்களைப் புரட்டத் தொடங்கிய பிறகு, அந்தக் கிழவி ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை என்று தெரிந்தது. தகரம் என்று அவர் சொன்னது, 1900களின் தொடக்கத்தில் வந்த தகரச் சீட்டு. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதைக் காட்டும் அடையாளம் அடித்த சிறு வில்லை. அதைக் காட்டினால் ரயிலும் சோறும் கப்பலும் கிடைக்கும். செலவெல்லாம் தோட்டத்துக் கணக்கில் ஏறும். கொழுந்தில் கை வைக்கும் முன்பே ஆள் கடனாளி. முகாம் என்றது கொழும்புக்கு வடக்கே இருக்கும் ராகமை. தென்னாப்பிரிக்கப் போயர் போரில் பிடிபட்டவர்களை வைத்திருந்த இடத்தில், பின்னர் எங்கள் ஆட்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைத்தார்கள். பண்டாரவளையிலிருந்து நடந்ததும் உண்மை. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான்.

2011 ஜூனில் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மறுபடியும் பயணிகள் கப்பல் விட்டார்கள். ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்று பெயர். கோத்தகிரியில் இருந்த தம்பியைப் பார்க்க வேண்டும் என்று அம்மா வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா, 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கணக்கெழுதப்பட்டவர்களில் ஒருவர். எழுபதுகளில் தலைமன்னார் வழியாகப் போனவர். அம்மாவுக்கு விமானம் என்றாலே பயம். கப்பல் என்றதும் சரி என்றுவிட்டார்.

மாலையில் கொழும்பில் ஏறினால் மறுநாள் காலையில் தூத்துக்குடி. ஆயிரம் பேர் ஏறக்கூடிய பெரிய கப்பல் அது. உள்ளே குளிரூட்டி, சாய்வு நாற்காலி எல்லாம் உண்டு. அம்மா உள்ளே உட்காரவே இல்லை. மேல்தட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"குளிருதும்மா, உள்ளுக்கு வாங்க."

"எங்க அப்பாயி இப்பிடி வெட்டவெளியிலதான் விடிய விடிய குந்திக்கிட்டு வந்துச்சாம் தம்பி. நான் கொஞ்ச நேரம் நிக்கிறேன்."

காலையில் கப்பல் நேரே மேடையோடு அணைந்தது. அம்மாவின் முதல் கேள்வி, படகு எங்கே என்பதுதான். நாங்கள் இறங்கியது புதுத் துறைமுகம். 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011இல் வ.உ.சி.யின் பெயர் பெற்றது. அப்பாயி ஏறியது ஊரை ஒட்டிய பழைய துறைமுகம். அங்கே கடல் ஆழமில்லை. நீராவிக் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் மூட்டைகளையும் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். கடலையே பார்த்திராத உழவர் வீட்டுப் பெண்கள், கைக்குழந்தையோடு ஆடும் படகிலிருந்து கப்பலுக்கு ஏறியிருக்கிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது, "அதைத்தான் நானும் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார்.

ஊர் சுற்றிக் காட்ட ஒரு ஆட்டோக்காரர் கிடைத்தார். நல்ல மனிதர். என்னை அண்ணாச்சி என்றும் அம்மாவை ஆச்சி என்றும் கூப்பிட்டார். பனிமய மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனார். முத்துக்குளித்த பரதவர்களின் மாதா. ஆகஸ்ட் 5 திருவிழா. 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. எங்கள் பக்கம் மாரியம்மனுக்கும் மாதாவுக்கும் பேதம் பார்ப்பதில்லை, அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினார். 1750இல் டச்சுக்காரர்கள் கட்டிய தேவாலயம், வ.உ.சி. சிலை, வழியில் உப்பளம், கடைசியில் ஒரு கடையில் மக்ரூன். பார்க்கத் தகுந்த ஊர்தான், சந்தேகமில்லை. போர்த்துக்கீசர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்து இறங்கியவர்கள் எல்லாருக்கும் அங்கே ஒரு கட்டடமோ கல்வெட்டோ இருக்கிறது. அங்கிருந்து ஏறிப் போனவர்களைப் பற்றி, நாங்கள் சுற்றிய இடங்களில் ஒரு வரியும் கண்ணில் படவில்லை.

ஆட்டோக்காரர் கேட்டார், "ஆச்சி யாழ்ப்பாணமா?"

"இல்ல தம்பி, பதுளை. தேயிலைத் தோட்டம். இங்க இருந்து போனவுங்கதான் நாங்க."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அங்கே அப்படி ஆட்கள் இருப்பதே தெரியாது என்றார். மனதில் ஒளிவு இல்லாமல் சொன்ன பதில். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரும் சொல்லித்தராததை அவர் எப்படி அறிவார்? பழைய துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்று அம்மா சொன்னதும் அவரே முன்வந்து வாசல் வரை கொண்டுபோய் விட்டார். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார் காவலாளி. அம்மா வாதாடவில்லை. வேலியோரம் நின்று, தோணிகளின் பாய்மரங்களுக்கு அப்பால் தெரிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காவலாளியிடம், "ஐயா, இதுதானே கொழும்புக் கப்பலுக்கு ஆள் ஏத்துன எடம்?" என்று கேட்டார். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. அன்று இரவு விடுதியில் படுத்துக்கொண்டு வ.உ.சி.யைப் பற்றி யோசித்தேன். 1906இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பனி தொடங்கிய வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள், பிரிட்டிஷ் கம்பனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது, 1908இல் வ.உ.சி. சிறை சென்றது, 1911இல் கம்பனி கலைந்தது. ஆனால் அந்தக் கப்பல்கள் ஓடிய வழி தூத்துக்குடி - கொழும்பு. அந்த வழியில் அன்றாடம் தளம் நிறைய உட்கார்ந்து போனவர்களில் வியாபாரிகளும் உண்டு, தோட்டத்துக்குப் போகும் கூலி ஆட்களும் உண்டு. இரண்டு கம்பனிகளும் அடித்துக்கொண்டது அந்தப் பயணிகளுக்காகவும்தான். என் வகுப்பில் அவர்களை நான் ஒருநாளும் சொன்னதில்லை, பாடநூலில் இல்லை. அந்தப் பயணத்துக்குப் பின் சொல்லத் தொடங்கினேன். கப்பலோட்டிய தமிழனின் புகழ் அதனால் ஒரு மாற்றும் குறையாது. பிள்ளைகள்தான், "அப்போ எங்க பாட்டன் எந்தக் கப்பல்ல ஏறியிருப்பாங்க சேர்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

மறுநாள் மணியாச்சிக்குப் பயணிகள் ரயில் பிடித்தோம். வழியில் தட்டப்பாறை என்றொரு சின்ன நிலையம். கரிசலும் உடைமரமுமான வெட்டவெளி. இலங்கைக்கு ஆள் அனுப்பிய காலத்தில் தூத்துக்குடிக்கு வரும் தொழிலாளர்களை நிறுத்தி வைத்த முகாம் இங்கேதான் இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி - தலைமன்னார் வழி வந்ததும் கூட்டம் மண்டபம் பக்கம் திரும்பிவிட்டது. மண்டபம் முகாமை இன்றும் பலருக்குத் தெரியும், அகதிகள் தங்கிய இடம் என்பதால். தட்டப்பாறையை யாரும் பேசுவதில்லை. ரயில் நின்றபோது இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் எழுந்து கதவோரம் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டார். பெட்டியில் இருந்தவர்கள் பக்கத்தில் எந்தக் கோயில் என்று எட்டிப் பார்த்தார்கள்.

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876இல். தாது வருஷப் பஞ்சம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பசியில் ஊரைவிட்டுக் கிளம்பியவர்களுக்கு ரயிலும் கப்பலும் சேர்ந்து வழி திறந்தன. அந்த ஊரின் வரலாற்றில் முத்துக்கும் உப்புக்கும் பஞ்சுக்கும் இருக்கும் இடம் இந்த மனிதர்களுக்கும் இருக்க வேண்டும். மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய கூடம் ‘ஆப்ரவாசி காட்’ என்ற பெயரில் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகியது. கல்கத்தாவிலும் கப்பலேறியவர்களுக்கு ஆற்றங்கரையில் நினைவுக்கல் இருக்கிறது. 2023இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, எங்கள் ஆட்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். வந்த கரையை நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம். அனுப்பிய கரையும் நினைக்க வேண்டும். பழைய துறைமுக வாசலில் ஒரு கல், தட்டப்பாறை நிலையத்தில் ஒரு பலகை. தமிழ்நாட்டு அரசுக்கு இது பெரிய செலவில்லை. இதை உரிமையோடு கேட்கிறேன்.

நாங்கள் போன அந்தக் கப்பல் 2011 நவம்பரிலேயே நின்றுவிட்டது. அம்மாவும் இப்போது இல்லை. இன்று இங்கிருந்து போகிறவர்களில் பலர் விமானத்தில் சென்னை இறங்கித்தான் போகிறார்கள். கோயில்களுக்குப் போங்கள், சேலையும் வாங்குங்கள். அதோடு ஒரு நாளைத் தூத்துக்குடிக்கு ஒதுக்குங்கள். போவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம், யார், எந்தப் பக்கத்திலிருந்து, எந்த வழியாக வந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். சென்னையிலிருந்து இரவில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. விடியற்காலையில் மணியாச்சி தாண்டியதும் அவர்களை எழுப்பி ஜன்னலோரம் உட்கார வையுங்கள். அடுத்து வருவது தட்டப்பாறை.