ஆரல்வாய்மொழிக் காற்று

மூன்றாமாண்டு, பொருளியல்

ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊருக்கு வருவோர் குடையை மறந்துவிடுவது நலம். கணவாய் வழியே பாயும் காற்று அதைப் புறமாக மடக்கிவிடும். இந்தக் காற்றைத் தேடியும் ஆள் வருவார் என்று என் பாட்டனார் கனவிலும் கருதியவரல்லர். 1990களில் வந்தார்கள்.

காற்றாலை நிறுவினால் இயந்திரத்தின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் அன்று இடந்தந்தது. நூற்பாலை முதலாளிகள் பலர் காற்றாலை முதலாளிகளானதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் மானாவாரி நிலமும் கைமாறிற்று. அத்தையின் திருமணம் நடந்தது. அப்பா அதே நிலத்துக்குக் காவற்காரரானார். அந்தச் சம்பளத்தில் படிக்கும் நான் காற்றாலையைப் பழிக்க நாவெழுமா?

ஆயினும் ஒரு புதிர். சில ஆண்டுகளில் ஆடிக்காற்று சீறும்போதே விசிறிகள் அசையாது நின்றன. பழுதோ என்றால், "கரண்டு வேண்டாம்னு சொல்லிட்டாவ மக்கா" என்பார் அப்பா. வகுப்பில்தான் விளங்கிற்று. கம்பிகள் தாங்காதது ஒருபுறம். மறுபுறம், அனல்மின் நிலையத்தோடு நீண்டகால ஒப்பந்தம் செய்தவர், மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும். காற்றை வாங்கினால் அவருக்கு மிச்சம் நிலக்கரியின் விலை மட்டுமே. புகையால் பூமி சூடாவதன் விலையோ அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை!

பழைய சிறு இயந்திரங்களை அகற்றிப் பெரியன நிறுவுவதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2024இல் வெளியிட்டது. 250 கிலோவாட் இயந்திரங்கள் எட்டின் வேலையை 2 மெகாவாட் ஒன்று செய்துவிடும். நாட்டுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. அப்பா காப்பதும் எட்டுத்தான். ஒன்றுக்குக் காவல் வைப்பார்களா என்று அவர் இன்னும் கேட்கவில்லை.