வீட்டைப் பூட்டி சாவியை உள்ளே வெச்ச கதை!

வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்புறீங்க. தெருமுனைக்கு வந்ததும்தான் ஞாபகம் வருது, சாவி உள்ளே டேபிள் மேல இருக்கு! நம்ம வீடுன்னா சமாளிச்சுக்கலாம். அந்த வீட்டுக்குள்ளே ஒரு கிளாஸே தன்னோட பொருளை வெச்சிருந்தா? போன செமஸ்டர்ல நான் பண்ணின கூத்து இதுதான் மக்களே!

எங்க டிபார்ட்மென்ட் லேப்ல ஒரு லினக்ஸ் சர்வர் இருக்கு. ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்துக்கிட்டே அதுக்குள்ளே நுழைய உதவுறது எஸ்.எஸ்.ஹெச். இதுக்கு முன்னாடி இருந்த டெல்நெட், பாஸ்வேர்டை போஸ்ட் கார்டுல எழுதின மாதிரி அப்பட்டமா அனுப்பும். நடுவுல யார் வேணும்னாலும் படிக்கலாம். 1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் அப்படித்தான் பாஸ்வேர்டுகளைச் சுட்டுவிட்டார்கள். அங்கே இருந்த டாட்டு யூலோனென் கடுப்பாகி எழுதியதுதான் எஸ்.எஸ்.ஹெச். 1999-ல் ஓப்பன் பி.எஸ்.டி குழு, எல்லோருக்கும் இலவசமாக ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச்சைக் கொண்டுவந்தது. லினக்ஸ், மேக் மாதிரி மற்ற சிஸ்டங்களுக்கான பதிப்பில் எண்ணோடு 'பி' என்ற எழுத்து ஒட்டியிருக்கும். 'போர்ட்டபிள்' என்று அர்த்தம்.

"பாஸ்வேர்டை நிறுத்திட்டு, சாவி வெச்சு லாகின் பண்ற மாதிரி மாத்தணும்ப்பா. முதல்ல எல்லாப் பசங்க சாவியையும் சேர்த்துடு. பாஸ்வேர்டை நிறுத்துறது கடைசி வேலை" என்று லேப் சார் சொல்லி, ரூட் பாஸ்வேர்டையும் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியலை. சர்வரிலேயே ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச் இருக்கு. ஆனா, நாமதான் எஞ்ஜினீயராச்சே! சோர்ஸ் கோடை இறக்கி நானே பில்ட் பண்றேன்னு கிளம்பினேன்.

'கான்ஃபிகர்' தட்டினதும் முதல் பல்பு. 'இசட்லிப் இல்லை' என்றது. அது சிஸ்டத்தில் இருக்கே என்று தேடினால், பில்ட் பண்ணத் தேவையான ஹெட்டர் ஃபைல்கள் தனி பேக்கேஜாம். அதைப் போட்டால், அடுத்து ஓப்பன் எஸ்.எஸ்.எல்லுக்கும் அதே பாட்டு. ஒருவழியா 'மேக்', 'மேக் இன்ஸ்டால்' முடிச்சு, பழசை நிறுத்திட்டுப் புதுசை ஓடவிட்டேன்.

ரெண்டாவது பல்பு. செட்டிங்கை மாத்துறேன், மாத்துறேன், ஒண்ணுமே மாறலை! ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சது. நாமே பில்ட் பண்ணினா, நாம வேற இடம் சொல்லாத வரைக்கும் அது 'யு.எஸ்.ஆர் லோக்கல்' ஃபோல்டருக்குள்ளே தனிக்குடித்தனம் போயிடும். செட்டிங் ஃபைலும் அங்கேதான். நான் திருத்தினதெல்லாம் பழைய வீட்டு ஃபைலை!

மணி அஞ்சே முக்கால். லேப் மூடப் போறாங்க. என் லேப்டாப்பில் உருவாக்கின பொதுச் சாவியை பென் டிரைவில் கொண்டுவந்து சர்வரில் போட்டிருந்தேன். லேப்டாப் ஹாஸ்டலில். 'பாஸ்வேர்டு லாகின்: நோ' என்று மாத்தி, ரீஸ்டார்ட் பண்ணி, விண்டோவை மூடினேன். ராத்திரி ரூமிலிருந்து என் சாவி வேலை செய்யுதான்னு பார்த்துட்டு, உடனே 'யெஸ்' ஆக்கிடலாம்னு திட்டம். அஞ்சு நிமிஷ மேட்டர்தானே?

ரூமுக்கு வந்து தட்டினேன். 'பர்மிஷன் டினைட்'. திரும்பத் தட்டினேன். அதே பதில். அப்பத்தான் ஃபைனல் இயர் அக்கா ஒருத்தங்க போன் பண்ணினாங்க. "தம்பி, சர்வர் பாஸ்வேர்டே கேட்க மாட்டேங்குதே? நாலு நாளா ஓடின சிமுலேஷன் ரிசல்ட் அதுலதான் இருக்கு. காலையில ஒம்பது மணிக்கு ரிவ்யூ!" லேப் திறக்கிறதோ ஒம்பதரைக்கு. டரியல் ஆயிட்டேன்!

ராத்திரி பத்து மணிக்கு லேப் அண்ணனுக்குப் போன் போட்டேன். பன்னிரண்டு கிலோமீட்டர் பைக்கில் வந்து கதவைத் திறந்துவிட்டார் மனுஷன். சர்வர் முன்னாடி உட்கார்ந்து, அதன் கீபோர்டிலேயே லாகின் பண்ணினேன். அதை எஸ்.எஸ்.ஹெச் செட்டிங் தடுக்காது. லாக் ஃபைலைப் பார்த்தால் காரணம் பளிச்சுன்னு இருக்கு. ஃப்ரெண்டுக்கு அசைன்மென்ட் கொடுக்க, என் ஹோம் ஃபோல்டரை ஒருநாள் '777' போட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தேன். கண்டவனும் எழுதக்கூடிய ஃபோல்டரில் இருக்கிற சாவியை எஸ்.எஸ்.ஹெச் நம்பாது. நியாயம்தானே? அதைச் சரிபண்ணி, பாஸ்வேர்டை 'யெஸ்' ஆக்க ரெண்டே நிமிஷம்.

அக்கா ரிசல்ட்டை எடுத்துட்டாங்க. திட்டுவாங்கன்னு பார்த்தா, "மாத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல தம்பி?"ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. அது என் கதவு இல்லை, எல்லோரோட கதவுன்னு அப்பத்தான் உறைச்சது.

அதனால, நீங்க செய்யும்போது இதை மறக்காதீங்க. செட்டிங்கை மாத்தினதும் 'எஸ்.எஸ்.ஹெச்.டி மைனஸ் டி' கொடுத்து எழுத்துப் பிழை இருக்கான்னு பாருங்க. ரீஸ்டார்ட் பண்ணினாலும் திறந்திருக்கிற இணைப்பு பொதுவா அறுந்துபோகாது. அதனால பழைய விண்டோவை மூடாம, இன்னொரு விண்டோவில் புதுசா நுழைஞ்சு பாருங்க. நுழைய முடிஞ்சா மட்டும் பழசை மூடுங்க.

சிஸ்டத்துக்கு சிஸ்டம் குணமும் வேற. மேக்கில் பில்ட் பண்ண வேண்டியதே இல்லை, ஷேரிங் பகுதியில் 'ரிமோட் லாகின்' பட்டனை ஆன் செய்தால் போதும். விண்டோஸ் 10-க்கு 2018-லிருந்து ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச் சர்வரைக் கூடுதல் வசதியாகச் சேர்த்துக்கலாம். ஆனா, அட்மின் ஆட்களோட சாவியை அது 'புரோகிராம் டேட்டா'வுக்குள்ளே தனி ஃபைலில்தான் தேடும். லினக்ஸில் பழகின இடத்தில் வெச்சுட்டு, அங்கேயும் ஒரு ராத்திரி முழிச்சேன்.

இப்போ லேப்ல எல்லோரோட சாவியும் சேர்த்தாச்சு, பாஸ்வேர்டையும் நிறுத்தியாச்சு. நிறுத்துறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நோட்டீஸ் போர்டில் என் கையாலேயே எழுதி ஒட்டினேன். முதல் ஆளாப் படிச்சுட்டுச் சிரிச்சது யார் தெரியுமா? அந்த அக்காதான்!