கையெழுத்துப் போடு என்று சொன்னவள் நான்



தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருப்பவளுக்குப் பாடம் நடத்துவது பாதி வேலைதான். மீதிப் பாதி கடிதம் படித்துச் சொல்வது. சொக்சோ கடிதம், ஈ.பி.எப். கடிதம், கோர்ட்டுக் கடிதம் எல்லாம் பள்ளி வராந்தாவுக்கு வந்து சேரும். "டீச்சர், இதுல என்னா எழுதியிருக்கான்?" என்று நீட்டுவார்கள். இருபது வருடத்துக்கும் மேலாகப் படித்துச் சொல்லி வருகிறேன். அவற்றில் ஒரு கடிதத்தை நான் சரியாகப் படிக்கவில்லை. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

எங்கள் தோட்டம் சிப்பாங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1998-இல் அது திறந்ததிலிருந்து எங்கள் செம்பனைக்கு மேலேதான் விமானங்கள் இறங்குகின்றன. சத்தம் பெரிதாக வந்தால் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். பிள்ளைகள் சன்னலுக்கு ஓடுவார்கள். "படிக்காவிட்டால் குலை வெட்டப் போகணும், படித்தால் அங்கே போகலாம்" என்று மேலே கையைக் காட்டுவேன். குலை வெட்டுகிறவரின் பிள்ளைகளிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்பது பிறகுதான் உறைத்தது. அது வேறு கதை.

அப்படி நான் கைகாட்டி அனுப்பியவர்களில் ஒருவன் 2009-இல் விமான நிலையத்தில் ஒரு நிறுவனத்தின் சரக்குப் பிரிவில் சேர்ந்தான். பெயர் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். சீருடையோடு முதல் நாள் பள்ளிக்கே வந்து காட்டிவிட்டுப் போனான்.

சரக்கு வேலை என்றால் மூட்டை தூக்குவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவன் சிரிப்பான். எட்டடிக்குப் பத்தடி அலுமினியத் தட்டில் பெட்டிகளை அடுக்கி, மழைக்குப் பிளாஸ்டிக் போர்த்தி, வலை போட்டு இறுக்கி, எடை போட்டு எழுத வேண்டுமாம். விமானத்தின் உட்புறம் வளைந்திருப்பதால் அடுக்கும் அந்த வளைவுக்கு ஏற்ப மேலே ஒடுங்க வேண்டும். எடைக் கணக்குத் தவறினால் விமானத்தின் சமநிலையே கெடும். பேட்டரி உள்ள பெட்டிக்கு ஒரு விதி, மீன் பெட்டிக்கு ஒரு விதி, உயிருள்ள கோழிக்குஞ்சுக்கு ஒரு விதி. போர்க்லிப்ட் ஓட்டவும் ஆபத்தான பொருள்களைக் கையாளவும் தனித்தனியாகப் பயிற்சி எடுத்தான். பதினொரு வருடத்தில் அவன் கை பட்டுப் போன சரக்கு எத்தனை ஆயிரம் டன்னோ!

பிறகு 2020 வந்தது. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. எங்கள் வானம் அமைதியாகிவிட்டது. பயணிகள் இல்லாவிட்டாலும் சரக்கு போகத்தானே வேண்டும், நம் வேலைக்கு ஆபத்தில்லை என்று அவன் தைரியமாக இருந்தான். நவம்பரில், தீபாவளி கழிந்த வாரம், வாட்ஸ்அப்பில் எனக்கு மூன்று படங்கள் அனுப்பினான். மூன்று பக்கக் கடிதம். ஆங்கிலம். "டீச்சர், கொஞ்சம் பாருங்க. நாளைக்கே கையெழுத்து கேக்கிறாங்க."

முதல் பக்கத்தைப் படித்தேன். கிடங்கு வேலையை இனி ஒரு குத்தகை நிறுவனம் நடத்தும், உங்களுக்கு அங்கே வேலை உண்டு என்று இருந்தது. மூன்றாவது படம் மங்கலாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், தெரியவில்லை. இன்னொரு முறை எடுத்து அனுப்பு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்றைக்கு இணைய வழி வகுப்புக்குப் பாடம் தயாரிக்க வேண்டியிருந்தது. "ஊரே வேலை இல்லாமல் கிடக்கிறது, வேலை இருக்கிறதே பெரிசு. கையெழுத்துப் போடு" என்று எழுதி அனுப்பினேன்.

அந்த மூன்றாவது பக்கம்தான் ராஜினாமா. "என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் இருந்தது. பிப்ரவரியில் அவன் தாயார் தாளையே கொண்டுவந்து கொடுத்தபோதுதான் படித்தேன்.

அதன் பொருள் என்னவென்று கேளுங்கள். 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிமுறைப்படி, ஐந்து வருடமும் அதற்கு மேலும் வேலை செய்த தொழிலாளியை முதலாளி நிறுத்தினால், வருடத்துக்கு 20 நாள் சம்பளம் தர வேண்டும். பதினொரு வருடத்துக்கு 220 நாள் சம்பளம். தானே விலகினவனுக்கு அது இல்லை. 2018 முதல் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த வேலைக் காப்புறுதியும் தானே விலகினவனுக்குக் கிடைக்காது. வற்புறுத்தித்தான் எழுதி வாங்கினார்கள் என்று தொழிலியல் உறவு இலாகாவில் புகார் செய்யலாம், ஆனால் அதற்கு 60 நாள்தான் கெடு. நான் படித்தபோது கெடு தாண்டிவிட்டது.

வேலை அதே வேலை. கிடங்கு அதே கிடங்கு, போர்க்லிப்டும் அதேதான். சட்டையின் நிறம் மட்டும் மாறியது. 1,500 வெள்ளியாக இருந்த அடிப்படைச் சம்பளம் 1,200 ஆனது. பதினொரு வருடத்துக்காரன் முதல் நாள்காரன் ஆனான்.

இது எனக்குப் புதிதல்ல என்பதுதான் வெட்கம். 1987-இல் நான் சின்னப் பிள்ளை. அம்மா உரம் போடும் கூட்டத்தில் இருந்தார். ஒரு காலைப் பிரட்டில் அம்மாவின் பெயரைத் தோட்டப் பதிவிலிருந்து எடுத்துக் கொண்டிராக்டர் பதிவில் எழுதினார்கள். மரமும் உரமும் மாறவில்லை, வாளிகூட அதே வாளி. ஆனால் மழை நாளில் சம்பளம் கிடையாது, ஈ.பி.எப். கிடையாது. "யாரு பேரு எழுதினா என்னா, வேலை இருக்கே" என்று அப்பா சொன்னார். முப்பது வருடம் கழித்து நான் அதையேதான் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறேன்.

குத்தகை நடக்கும் விதத்தை அவன்தான் எனக்கு விளக்கினான். டன்னுக்கு எவ்வளவு என்று பெரிய நிறுவனம் விலை கேட்கும். குறைத்துச் சொன்னவருக்கு வேலை. அவர் எதைக் குறைப்பார்? வாடகையையும் டீசலையும் குறைக்க முடியாது. மிஞ்சுவது ஆள் சம்பளம். ஒப்பந்தம் முடிந்தால் மறுபடியும் விலை கேட்பார்கள், மறுபடியும் புதுச் சட்டை.

நம் நாட்டில் பெரிய ஆட்குறைப்பு 2015-இல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு விமானங்களைப் பறிகொடுத்த மறு வருடம், மலேசிய ஏர்லைன்ஸில் சுமார் 20,000 பேருக்கும் வேலை முடிவுக் கடிதம் போனது. அவர்களில் 14,000 பேருக்குப் புதிய நிறுவனத்தில் இடம் கிடைத்தது. 6,000 பேருக்கு இல்லை.

ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரி நடந்தது. என் மாணவன் கையெழுத்துப் போட்ட அதே நவம்பரில், குவாண்டாஸ் நிறுவனம் 10 விமான நிலையங்களில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையைக் குத்தகைக்கு விடுவதாக அறிவித்தது. வேலை போனது ஏறத்தாழ 1,800 பேருக்கு. அவர்களின் சங்கம் வழக்குப் போட்டது. அது சட்டவிரோதம் என்று 2021-இல் தீர்ப்பு வந்தது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2024-இல் 12 கோடி ஆஸ்திரேலிய டாலர் நஷ்டஈட்டுக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டன, 2025-இல் மேலும் 9 கோடி டாலர் அபராதம். ஆனாலும் அந்தப் பழைய வேலை அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இந்தச் செய்தியை நான் அவனுக்கு அனுப்பினேன். "நல்லது டீச்சர்" என்று மட்டும் பதில் வந்தது.

அவன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் தாயார்தான் ஒரு நாள், "நீங்க படிச்சவங்க, உங்களுக்கே தெரியலன்னா நாங்க என்னா செய்றது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மேட்டு லயத்துப் பெண் ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். விமான நிலையச் சரக்குக் கிடங்கில் எழுத்து வேலையாம், குத்தகை நிறுவனம்தான். நான்கு பக்கக் கடிதம், திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். தாளையே கொண்டு வரச் சொன்னேன், படம் வேண்டாம் என்றேன். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தோம். இரண்டு வருட ஒப்பந்தம். வேலை இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. எங்கே மாற்றுவார்கள், பினாங்குக்கா, ஜொகூருக்கா? அதைக் கேட்டு எழுத்தில் வாங்கி வரும்படி அனுப்பியிருக்கிறேன். இன்னும் அவள் திரும்பி வரவில்லை.