கேளாமற் போன ஒரு கேள்வி

என் தாயாருக்கு வயது 73. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு நோயோடு வாழ்ந்து வருகின்றார். மாதத்துக்கு ஒருமுறை வரும் கிளினிக்கு நாளன்று அதிகாலையில் எழுந்து நீராடி, நீறு பூசி, கிளினிக்குக் கொப்பியைத் துணிப்பையில் இட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவர்போலவே வைத்தியசாலைக்குப் புறப்படுவார். வைத்தியர் என்றால் அவருக்கு அத்துணை மதிப்பு.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், கந்தசஷ்டி விரதம் முடிந்து பாரணை செய்த மறுநாள் அந்தக் கிளினிக்கு வந்தது. அன்று கல்லூரிக்கு விடுமுறை. ஆகையால் நானும் உடன் சென்றேன். மண்டபத்திலே வாங்குகள் நிறைந்து, சுவரோரமெல்லாம் நோயாளர் நின்றுகொண்டிருந்தனர். வைத்தியர் இளைஞர், முகத்திலே அறிவுக்களை இருந்தது. இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார். தலை நிமிராமலே, "சீனி இவ்வளவு ஏறிப்போச்சு. சொல்லுறது ஒண்டும் கேக்கிறேல்லை. பிறகு என்னத்துக்கு இஞ்சை வாறனீங்கள்?" என்றார். மண்டபத்திலிருந்தோர் அனைவரும் திரும்பிப் பார்த்தனர். குளிசையின் அளவைக் கூட்டி எழுதினார். அடுத்தவர் அழைக்கப்பட்டார்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. வீடு வரும்வரை பேருந்தில் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அதன்பின் நடந்தவை எனக்குப் பிந்தியே தெரிய வந்தன. கூட்டிய குளிசையை ஒழுங்காக உட்கொண்ட சில நாட்களுள், ஒருநாட் காலை அடுப்படியிலே வியர்த்து மயங்கியிருக்கின்றார். மருந்தின்மேல் அச்சம் வந்தது. வைத்தியர்மேல் அச்சம் முன்னரே வந்திருந்தது. கிளினிக்கு நாளில் புறப்பட்டுப் போவார். கோயில் வாசலில் இருந்துவிட்டுத் திரும்புவார். எஞ்சிய குளிசைகளைப் பாதி பாதியாக உடைத்து மாதக்கணக்கில் இழுத்தடித்தார். நீண்டகால நீரிழிவு கால்களின் நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் என்பதை யாவரும் அறிவர். காலில் முள் ஏறியது அவருக்குத் தெரியவேயில்லை. நான் கண்டபோது விரல் கறுத்திருந்தது. வேறொரு வைத்தியசாலையில் அந்த விரலை அகற்றினார்கள்.

அங்கேதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அன்று, கேட்டேன் என்பது செவியால் மட்டுமே. புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்த தாதி ஒருவர், கட்டிலருகே குந்தியிருந்தபடி, "ஆச்சி, நீங்கள் விரதகாரி போலை கிடக்கு. விரத நாளிலை குளிசையை என்ன செய்யிறனீங்கள்?" என்று வினவினார்.

அம்மா சற்றுத் தயங்கினார். "வெறுவயித்திலை போட்டால் கை நடுங்கி, வேர்த்து, தலை சுத்தும் பிள்ளை. அதாலை வெள்ளிக்கிழமையிலை விட்டிடுவன். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விட்டனான்" என்றார்.

தாதி சிரிக்கவுமில்லை, கடியவுமில்லை. "நீங்கள் செய்ததிலை ஒரு நியாயம் இருக்கு ஆச்சி" என்று தொடங்கினார். சில குளிசைகள், உண்டாலும் உண்ணாவிட்டாலும், இரத்தத்திலுள்ள சீனியைக் குறைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே பட்டினியோடு அவற்றை உட்கொண்டால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கும். நடுக்கமும் வியர்வையும் அதனால் வருவன. ஆனால் ஆறு நாள் அடியோடு விட்டால் சீனி ஏறிவிடும். விரதத்துக்கு முன்னரே வந்து சொன்னால், விரதம் இருக்கலாமா என்பதையும், மருந்தின் அளவையும் நேரத்தையும் வைத்தியர் தீர்மானிப்பார். இவ்வளவையும் அம்மாவுக்கு விளங்கும் தமிழில், கட்டுக் கட்டி முடிப்பதற்குள் கூறிவிட்டார்.

பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருவரும் கேளாத கேள்வி அது. நான் அந்த இளம் வைத்தியரை நினைத்தேன். அவருக்கு மருத்துவம் தெரியாதா? நன்றாகத் தெரியும். சீனி ஏறினால் மருந்தைக் கூட்டுவது நூலறிவின்படி சரியே. ஆனால் அந்த அறிவு பிழையான செய்தியின்மேல் நின்றது. மருந்து போதாமையால் அன்று, மருந்தை விட்டமையால் ஏறிய சீனி அது. அதனை அறிந்தவர் ஒருவரே. அவருடைய வாயை ஒரு கடுஞ்சொல் அடைத்துவிட்டது. பரிவு என்பது சிகிச்சைக்கு மேலே தூவும் சர்க்கரை என்றே நான் எண்ணியிருந்தேன். நோயைச் சரியாக அறிவதற்கே அது வேண்டும் என்பது அன்றுதான் புலனாயிற்று. திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தின் உறுப்புக்களை எண்ணும்போது நோயாளியை முதலில் வைக்கின்றது. மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து பணி செய்பவன் ஆகிய மூவகையும் பின்னரே வருகின்றன. பலமுறை அதனை வகுப்பிற் படிப்பித்தவன் நான்.

அறிவைத் தடுத்து நிற்கும் மனப்பான்மைக்கு மருத்துவ வரலாற்றிலே பெரியதொரு சான்று உண்டு. வியன்னா நகரப் பொது வைத்தியசாலையில் இரு பிரசவப் பகுதிகள் இருந்தன. மருத்துவிச்சிகள் பயின்ற பகுதியைக் காட்டிலும், வைத்தியரும் மருத்துவ மாணவரும் பணி செய்த பகுதியிற் பிரசவக் காய்ச்சலால் மாண்ட தாய்மார் பன்மடங்கினர். அப்பகுதியில் தம்மைச் சேர்க்கவேண்டாமென்று பெண்கள் அழுது மன்றாடினர். அவர்கள் சொல்லைப் பொருட்படுத்தியோர் அரியர். 1847 இல் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பிணங்களை அறுத்துச் சோதித்த கைகளோடு பிரசவம் பார்ப்பதே காரணமெனக் கண்டு, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவச் செய்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம், ஜூனில் நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கிற்று.

ஆயினும் தம் கையே கொலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ளப் பெரிய வைத்தியர் பலருக்கு மனம் வரவில்லை. செம்மல்வைஸும் பின்னாளில் மறுத்தோரைக் கொலைகாரர் என்று பகிரங்கக் கடிதங்களில் ஏசினார். உண்மை அவர் பக்கம் இருந்தது. கேட்போர் செவிகளோ மேலும் மூடிக்கொண்டன. 1865 இல் மனநோயாளர் விடுதியொன்றில் அவர் இறந்தார். உண்மையைக்கூட ஏசிக் கொடுத்தால் வாங்குவார் இல்லை.

அதே 1847 ஆம் ஆண்டிலேதான் அமெரிக்கரான டாக்டர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் வைத்தியப் பணி ஆற்றியவர், தாமே தமிழ் கற்று, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ் மாணாக்கருக்குத் தமிழிலேயே போதித்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். நோயாளியின் மொழியிற் கற்ற வைத்தியனுக்கு, அம்மொழியிற் கேட்கவும் விளக்கவும் சொற்கள் கைவசம் இருக்கும். எங்கள் தாதியின் விளக்கத்தைக் கேட்டபோது எனக்கு அவர் நினைவே வந்தது.

ஒரு நியாயத்தையும் கூறவேண்டும். அன்று மண்டபத்தில் நின்ற வரிசையின் நீளத்தை நான் கண்டேன். ஒரு பணமும் வாங்காமல் அத்தனை பேரையும் பார்த்து முடிக்கவேண்டிய அந்த இளைஞருக்குக் களைப்பு இருந்திருக்கும். கேள்வி கேட்க அரை நிமிடம் போதும் என்று சொல்வது எளிது. நூறாவது நோயாளியிடமும் அதே முகத்தோடு கேட்பது எளிதன்று. மேலும், அம்மாவோடு ஒரே வீட்டில் உண்டு உறங்கிய பட்டதாரி மகன் ஒருவன் இருந்தானே, அவன் என்றாவது கேட்டானா?

அவனைப்பற்றி இன்னும் ஒன்று உண்டு. வீட்டுப் பாடம் செய்யாமல் வந்த மாணவனைப் பார்த்து, "சொல்லுவதைக் கேட்காதவன் இங்கே ஏன் வருகிறாய்?" என்று நாற்பது பிள்ளைகளின் முன்னிலையில் நான் எத்தனையோமுறை கேட்டிருக்கின்றேன். வைத்தியரின் சொல்லும் என் சொல்லும் ஒன்றே. அவ்விளைஞர் அச்சொல்லை எந்த வகுப்பறையில், எவரிடம் கற்றுக்கொண்டாரோ என்று எண்ணும்போது எனக்கு உறக்கம் கெடுகின்றது. மருத்துவபீடத்துக்குப் போகும் கனவோடு இதனை வாசிக்கும் மாணவரே, உயிரியலை எங்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் கடுமையை எங்களோடு விட்டுச் செல்லுங்கள்.

அம்மா மீண்டும் கிளினிக்குக்குப் போகின்றார். சென்ற ஐப்பசியில் நானும் கூடப் போனேன். முறை வந்ததும், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல், "ஐயா, கந்தசஷ்டி வருகுது, குளிசைக்கு என்ன செய்யிறது?" என்று அம்மாவே கேட்டார். வைத்தியர் நிமிர்ந்து பார்த்து, காற் புண்ணின் தழும்பையும் பார்த்து, இவ்வாண்டு பட்டினி வேண்டாம், ஒருபொழுது போதும் என்று கூறி, குளிசை உட்கொள்ளும் நேரத்தை மாற்றி எழுதினார். அம்மா கொப்பியை வாங்கி, இரு கண்களிலும் ஒற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.