மண் புகுந்த எஞ்சின்

மாதிரி விமானம் தரையில் மோதி விழுந்தால், அதைப் பறக்கவிட்டவனின் கை தன்னையறியாமல் விசிறியைச் சுற்றிப் பார்க்கும். எஞ்சினில் உயிர் இருக்கிறதா என்று அறியும் ஆவல். அந்த ஒரு சுற்றே பல எஞ்சின்களைக் கெடுத்திருக்கிறது. கார்புரேட்டரின் வாய்வழியாகப் புகுந்த மண், சுற்றாதவரை புகுந்த இடத்திலேயே கிடக்கும். சுற்றிய மறுகணம் பேரிங்குகளுக்குள்ளும், பிஸ்டனுக்கும் லைனருக்கும் இடையிலும் அரைபடும். "விசிறியைத் தொடாதே; துணியில் சுற்றி எடுத்து வா" என்று என் தங்கை மகனிடம் தொலைபேசியில் நான் கூறியது அதனால்தான்.

பத்தொன்பது வயதுப் பிள்ளை. கோடையில் வற்றிக் கிடந்த கண்மாயில், சாயுங்காலச் சூரியனுக்கு நேராக விமானத்தைத் திருப்பிவிட்டான். கண் கூசியது, அது எப்பக்கம் சாய்கிறதென்று தெரியாமற் போயிற்று. மூக்குக் குத்தி விழுந்தது. இறக்கையும் உடலும் பால்சா மரம். அவற்றை மீண்டும் செய்துகொள்ளலாம். எஞ்சின் அப்படியன்று. ஷார்ஜாவில் பணியிலிருந்த என் மைத்துனர் 2018ஆம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது மகனுக்கென்று கொண்டுவந்தது அது. அதன்பின் அவர் ஊர் திரும்பவில்லை. அங்கேயே மௌத்தாகி அங்கேயே அடக்கமானார்.

அரபி இலக்கணம் போதிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். என் தந்தையார் கடிகாரம் பழுது பார்த்தவர். பள்ளிவாசல் சுவர்க்கடிகாரம் நின்றுபோனால் எங்கள் வீட்டுத் திண்ணைக்குத்தான் வரும். அவருடைய ஆயுதப்பெட்டி இன்றும் என்னிடம் உள்ளது. தவிரவும், 'ஸர்ஃபு' ஓதியவனுக்குப் பிரித்துப் போடுவது புதிதன்று. ஒரு சொல்லை மூல எழுத்துகள் வரை கழற்றி, இடையில் ஒட்டியது எதுவென்று கண்ட பின்னரே நாங்கள் பொருள் சொல்வோம்.

எஞ்சின் உள்ளங்கையில் அடங்கும். கொள்ளளவு ஆறரை கன சென்டிமீட்டர். ஆனால் நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். இதில் தீப்பொறி பாய்ச்சும் பிளக் இல்லை. ரே ஆர்டன் என்னும் அமெரிக்கர் 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'குளோ பிளக்'கே இதன் நெருப்பு. தொடக்கத்தில் ஒன்றரை வோல்ட் மின்கலத்தால் அதிலுள்ள பிளாட்டினக் கம்பிச்சுருளைச் சிவக்க வைக்கிறோம். ஓடத் தொடங்கியதும் மின்கலத்தை எடுத்துவிடலாம். மெதனால் ஆவியும் பிளாட்டினமும் சேரும்போது எழும் வெப்பமும், எரிதலின் சூடுமே கம்பியைச் சிவப்பாக வைத்திருக்கும். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். அதே உறவை மறுதலையாக, சுழற்சியிலிருந்து முன்பின் இயக்கமாக, நீரிறைக்கும் பொறியொன்றில் அமைத்து 1206இல் நூலில் வரைந்து காட்டியவர் அல்ஜஸரீ. பையனிடம் இதைச் சொன்னபோது, "மாமா, முதலில் ஸ்குரூவைக் கழற்றுங்கள்" என்றான்.

கழற்றுவதற்குமுன் என் தங்கை ஒரு வழக்கைக் கொண்டுவந்தாள். "காக்கா, அந்த டப்பாவில் இருப்பது சாராயமா?" போதைக்கென்று குடிக்கும் மது அன்று, அதைவிடக் கொடியது என்றேன். எரிபொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், சிறிது நைட்ரோமீத்தேன், மற்றதெல்லாம் மெதனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த விஷச்சாராயத்தில் கலந்திருந்தது அந்த மெதனால்தான். பிழைத்தவரின் கண்ணைப் பறிக்கக்கூடியது. பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் அதன் சுடரும் தெரியாது. அவள் அஞ்சியது நியாயமே. டப்பா வீட்டிற்கு வெளியே, பூட்டிய அறைக்குப் போயிற்று. அந்த நிபந்தனையின் பேரில்தான் வேலை தொடங்கியது.

முதலில் வெளிப்புறத்து மண்ணைத் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் கழுவினோம். வெளிமண் போகாமல் மூடியைத் திறந்தால், திறக்கும் கையே மண்ணை உள்ளே தள்ளிவிடும். பின்னர்ச் சிலிண்டர் தலை, பின்மூடி, லைனர், கனெக்டிங் ராடு, பிஸ்டன், கடைசியில் ஷாஃப்ட் என்ற வரிசையில் வெளியே வந்தன. பிஸ்டன் எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்று பையன் பென்சிலால் படம் வரைந்துகொண்டான். ஓடி ஓடி ஒன்றுக்கொன்று பழகிய உலோகங்களைத் திருப்பிப் போடலாகாது. பிசினாய் இறுகிய ஆமணக்கெண்ணெய் லைனரை விடாமல் பிடித்திருந்தது. இரும்பால் நெம்பாமல், சூடாக்கி மரக்குச்சியால் தள்ளினோம்.

ஷாஃப்டைக் கண்ணாடிமேல் உருட்டினேன். தள்ளாட்டம் இல்லை. அந்த நேரத்தில்தான் பையன் முதன்முறையாக மூச்சுவிட்டான் என்று நினைக்கிறேன். எரிபொருள் ஊசி வளைந்திருந்தது. அதற்கு மாற்று ஊசி போதும். முன்பேரிங் மட்டும் விரலுக்குள் நறநறத்தது. அதை அடித்துக் கழற்றுவோர் உண்டு; எனக்கு உடன்பாடில்லை. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். நன்கு கழுவி உலர்த்திய கூட்டைப் பழைய தோசைக்கல்லில் வைத்து மூடினோம். மேலே தெளித்த நீர்த்துளி சுரீரென்றதும் எடுத்து மரப்பலகையில் தட்ட, பின்பேரிங் தானே விழுந்தது. முன்னதை உள்ளிருந்து மரக்குச்சியால் தள்ளினோம். அதன்மேல் பொறித்திருந்த எண்ணைக் காட்டி மதுரையில் ஒரு பேரிங் கடையிலேயே இரண்டும் வாங்கினான்.

கூடு ஆறும்வரை பையனுக்கு அப்பாஸ் இப்னு பிர்னாஸைப் பற்றிச் சொன்னேன். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் சிறகு கட்டிப் பறந்தவர். நம் மேடைகளில் அவர் பறந்ததைச் சொல்வார்கள். இறங்கும்போது முதுகில் அடிபட்டதைச் சொல்லமாட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அச்செய்தியை எழுதிவைத்த அல்மக்கரீ அடிபட்டதை மறைக்கவில்லை. பறவை வாலின் துணையோடு இறங்குவதை அவர் கருதாமல், வால் அமைக்காது விட்டதே காரணம் என்று குறித்திருக்கிறார். எனக்கு அந்தப் பறத்தலைவிட இந்தக் குறிப்பின்மீதே மதிப்பு அதிகம். பையன் கேட்டதோ வேறு: "அவருக்கும் சூரியன் கண்ணில் அடித்திருக்குமோ, மாமா?"

பூட்டும்போது தலைத் திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினோம். ஒரே பக்கமாக இறுக்கினால் தலை கோணும். எண்ணெய் விட்டுக் கையால் சுற்றியபோது பிஸ்டன் உச்சியில் சற்றே இறுகியது. குளிர்ந்திருக்கும்போது அங்கே இறுகவே வேண்டும். லைனர் மேலே குறுகும்படி கடைந்தது, சூடேறினால் சரியாகிவிடும்.

கொல்லையில், கனத்த பலகையில் பூட்டி, புது விசிறி மாட்டி, எரிபொருள் மிகுதியாகச் செல்லும்படி ஊசியைத் திறந்துவைத்தோம். நான்காவது தட்டலில் பற்றிக்கொண்டது. நீலப் புகையும் ஆமணக்கெண்ணெய் மணமும் கொல்லை முழுதும் பரவின. என் தங்கை அடுக்களைச் சன்னலைச் சாத்த வந்தவள், சாத்தாமல் நின்றாள். "அவர் இருந்தபோதும் இதே வாடைதான்" என்றாள். மின்கலத்தை எடுத்தோம், எஞ்சின் நிற்கவில்லை.